ரிலேவை எடுத்துவிடச் சொல்கிறவர்களுக்கு

ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்தால் முன்பக்க விளக்கு உடனே எரிந்துவிடும். பாட்டு மட்டும் உடனே வராது. மூன்று நான்கு வினாடி கழித்து உள்ளே டக்கென்று ஒரு சத்தம், அதற்கப்புறம்தான் ஸ்பீக்கர் பேசும். செட் பழசாகிவிட்டது, சூடேற நேரம் எடுக்கிறது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை. அது உள்ளே இருக்கிற ரிலே, மின்சாரத்தால் தானே ஒயரைச் சேர்த்துத் தானே பிரித்துவிடுகிற ஒரு சுவிட்ச். பிரிப்பதை நாங்கள் ‘விடுவது’ என்போம். ஆம்பின் வெளியீட்டுக்கும் ஸ்பீக்கர் ஒயருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறதென்று தெரிந்த பிறகே இரண்டையும் சேர்த்துவிடும்.

கடலூரில் சவுண்ட் சர்வீஸ்காரர்களின் ஆம்ப்களைப் பழுது பார்ப்பது என் பிழைப்பு. மாசி மகம் நெருங்கிவிட்டால் பெஞ்சில் இடமிருக்காது. சுற்றுவட்டாரத்துச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரும். சாமியோடு ஒரு வண்டி, வண்டி நிறைய ஸ்பீக்கர் பாக்ஸ். அந்த நாட்களில் வருகிறவர்களில் நிறையப் பேர் கேட்பது ரிப்பேர் அல்ல.

“அண்ணே, பாட்டு சூடு பிடிக்கிற நேரத்துல புரொடெக்ட்ல போயிடுது. மானம் போவுது. அந்த ரிலேவ எடுத்துட்டு டைரக்டா ஒயர் குடுத்துடுங்க.”

“குடுத்துடலாம் தம்பி. பாக்ஸ் யாரோடது?”

“வாடகைக்கு எடுத்ததுண்ணே.”

“அப்ப அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடு.”

தம்பி சிரித்துக்கொண்டே போய்விட்டார். புரொடெக்ட் என்பது, ஏதோ ஆபத்து என்று பார்த்ததும் ஆம்ப் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டுப் பாட்டைத் தானே நிறுத்திக்கொள்வது. ஆனால் கேட்டவரைத் தப்பு சொல்லவும் முடியாது. ஆம்ப் எதற்காக நிற்கிறது, யாரைக் காப்பாற்ற நிற்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆம்புக்குள் இருக்கிற பாதுகாப்புகளைப் பிரித்துப் பார்த்தால் ஒன்று புரியும்: அவற்றில் பெரும்பாலானவை ஆம்ப் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள வைத்திருப்பவை. ஸ்பீக்கருக்காக என்று இருப்பது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் முக்கியமானது ரிலே. நம் ஊரில் முதலில் கழற்றப்படுவதும் அதுதான்.

ரிலே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 300 வாட் கொடுக்கிற ஆம்ப் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் சுமார் பிளஸ் 75, மைனஸ் 75 வோல்ட் என இரண்டு சப்ளை இருக்கும். பாட்டு ஓடாதபோது வெளியீட்டில் கிட்டத்தட்ட ஜீரோ வோல்ட். பாட்டு வந்தால் பிளஸ் பக்கத்து டிரான்சிஸ்டர்களும் மைனஸ் பக்கத்து டிரான்சிஸ்டர்களும் மாறி மாறி இழுக்கும். பவர் டிரான்சிஸ்டர் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும். பிளஸ் பக்கத்தில் ஒன்று ஷார்ட்டானால் அந்த 75 வோல்ட்டும் அப்படியே ஸ்பீக்கர் முனைக்கு வந்துவிடும். அது பாட்டு அல்ல, சுத்த டிசி, திசை மாறாமல் ஒரே பக்கமாக ஓடுகிற கரன்ட். 8 ஓம் என்று எழுதியிருக்கிற ஸ்பீக்கரை மீட்டரில் வைத்தால் 6 ஓம் அளவில்தான் காட்டும். 75-ஐ 6-ஆல் வகுத்தால் 12.5 ஆம்பியர். வாட் கணக்கில் 900-க்கு மேல். அத்தனையும் ஸ்பீக்கரின் கோனை ஆட்டுகிற கம்பிச் சுருளில், அதாவது வாய்ஸ் காயிலில், வெறும் சூடாக இறங்கும்.

பாட்டு ஓடும்போது காயில் முன்னும் பின்னும் ஆடுகிறது, அந்த ஆட்டத்தில் காற்று உள்ளே போய் வந்து கொஞ்சம் குளிர்கிறது. டிசி வந்தால் கோன் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். காற்றும் இல்லை, ஆட்டமும் இல்லை. முதலில் வார்னிஷ் வாடை வரும், அப்புறம் புகை. பிரித்துப் பார்த்தால் காயில் சுற்று பசை விட்டு அவிழ்ந்து, காந்த இடுக்கில் கருகிச் சிக்கிக் கிடக்கும். கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து மெதுவாக அழுத்தினால் கரகரவென்று உரசும். அதைக் கேட்டாலே போதும், மீட்டர் வேண்டாம்.

“ஃப்யூஸ் இருக்கிறதே?” என்பார்கள். 10 ஆம்பியர் ஃப்யூஸ் 12 ஆம்பியரில் பட்டென்று போகாது. கொஞ்சம் கூடுதலான கரன்டை அது நிமிடக்கணக்கில் தாங்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதற்குள் காயிலின் கதை முடிந்துவிடும். சப்ளை ஃப்யூஸ் இருப்பது டிரான்ஸ்பார்மரும் போர்டும் தீப்பிடிக்காமல் இருக்க. ஸ்பீக்கரைப் பற்றி அதற்குக் கவலை கிடையாது.

ரிலே போர்டு வெளியீட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். ரெசிஸ்டரும் கண்டன்சரும் சேர்ந்த ஒரு சின்ன வடிகட்டி பாட்டைக் கழித்துவிட்டு மிச்சம் டிசி இருக்கிறதா என்று பார்க்கிறது. இங்கே ஒரு இழுபறி உண்டு. 20 ஹெர்ட்ஸ் பேஸ் நோட்டின் ஒரு அரைச் சுற்று மட்டும் 25 மில்லி வினாடி எடுக்கும். அதற்குள் அவசரப்பட்டு ரிலேவை விட்டால் ஒவ்வொரு பேஸ் அடிக்கும் பாட்டு அறுபடும். ரொம்பப் பொறுத்தால் காயில் போய்விடும். அதனால் வினாடியில் பத்தில் ஒரு பங்கு மாதிரி ஒரு நேரத்தில் முடிவெடுக்க வைத்திருப்பார்கள். கடையில் சி1237 என்று கேட்டால் தருகிற எட்டுக்கால் ஐசி இதற்காகவே என்.இ.சி. கம்பெனி செய்தது. ஆன் செய்யும்போது தாமதம், டிசி பார்ப்பது, ஓவர்லோடு பார்ப்பது, கரன்ட் போனதும் உடனே ரிலேவை விடுவது என எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது.

கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும், அப்படி இல்லை. சுவிட்சை அணைத்த பிறகும் பெரிய கண்டன்சர்களில் மின்சாரம் மிச்சமிருக்கும். அது இறங்கும்போது பிளஸ்ஸும் மைனஸும் ஒரே வேகத்தில் இறங்காது. அப்போதுதான் ‘தொம்’ என்று ஒரு அடி விழும். அதனால் நல்ல போர்டு டிசி சப்ளையைப் பார்க்காமல் டிரான்ஸ்பார்மரிலிருந்து வருகிற ஏசியை, அதாவது திசை மாறி மாறி ஓடுகிற கரன்டை, பார்க்கிறது. ஏசி நின்ற கணமே ஸ்பீக்கரைக் கழற்றிவிடும். ஆன் செய்யும்போது வருகிற மூன்று வினாடித் தாமதமும் இதே அடிக்குத்தான். உள்ளே வோல்ட்டேஜ்கள் நிலைக்கு வரும்வரை ஸ்பீக்கரை வெளியே நிறுத்தி வைக்கிறார்கள்.

சரி, ரிலே இருந்தால் போதுமா? போதாது. விலை குறைந்த போர்டுகளின் ரிலே மீது எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்: 10 ஆம்பியர் 250 வோல்ட் ஏசி, பக்கத்திலேயே 10 ஆம்பியர் 30 வோல்ட் டிசி. ஏசிக்கு 250 தாங்குகிற அதே முனைகள் டிசிக்கு 30-தான் தாங்கும். காரணம், ஏசி வினாடிக்கு நூறு முறை ஜீரோவைத் தொட்டுப் போவதால் முனைகள் பிரியும்போது வருகிற தீப்பொறி தானே அணைந்துவிடும். டிசியில் அந்தச் சந்தர்ப்பமே இல்லை. 75 வோல்ட், 12 ஆம்பியர் டிசியில் முனைகள் விலகினாலும் நடுவில் நீல வெளிச்சமாகப் பொறி நின்று எரியும். கரன்ட் அதன் வழியாகவே ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்படிப் போன ரிலே ஒன்றின் மூடியைப் பிளேடால் அறுத்துத் திறந்தேன். ஒரு முனையில் குழி, எதிர் முனையில் மேடு, சுற்றிலும் கரி, பிளாஸ்டிக் உள்பக்கம் பழுப்பாக உருகியிருந்தது. ரிலே வேலை செய்திருக்கிறது, விட்டிருக்கிறது. ஸ்பீக்கர் மட்டும் பிழைக்கவில்லை.

இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, செலவே இல்லாதது. ரிலேயில் மூன்று முனை உண்டு. நடுமுனையை ஸ்பீக்கருக்கும், ரிலே இழுக்கும்போது சேர்கிற முனையை ஆம்புக்கும் கொடுத்துவிட்டு, ரிலே விட்டால் சேர்கிற மூன்றாவது முனையைச் சும்மா விடாமல் கிரவுண்டில் சேர்த்துவிட வேண்டும். அப்போது விடுகிற நேரத்தில் பொறி பற்றினாலும் அது நேராகக் கிரவுண்டுக்கு ஓடும். ஸ்பீக்கரின் இரண்டு முனையும் ஒன்றாகிவிடுவதால் அதற்கு ஒன்றும் வராது. கரன்ட் எக்கச்சக்கமாக ஏறி, அதுவரை சும்மா இருந்த ஃப்யூஸும் போகும். ரிலே பாழாகும்தான், ஆகட்டும். இன்னொன்று, ரிலே காயிலுக்குக் குறுக்கே போடுகிற டையோடு ரிலேவை மெதுவாக விடவைக்கும். அதோடு தொடராக ஜீனர் என்கிற இன்னொரு வகை டையோடைப் போட்டால் சட்டென்று விடும்.

போர்டு நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க ஆம்பைக் கொல்ல வேண்டியதில்லை. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, போர்டின் டிசி பார்க்கிற ஒயரை ஆம்பிலிருந்து பிரித்து, ஒரு 9 வோல்ட் பேட்டரியை அந்த ஒயருக்கும் கிரவுண்டுக்கும் தொட்டுக் காட்டினால் போதும். ரிலே விடவேண்டும். அப்புறம் பேட்டரியைத் திருப்பி வைத்தும் தொடவேண்டும். ஒரு பக்கத்துக்கு மட்டும் விடுகிற போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். மைனஸ் பக்கம் டிரான்சிஸ்டர் போகும் நாளில் அந்த போர்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

ரிலே வேண்டாம் என்கிறவர்கள் எடுத்துவிடுகிற கடைசி அஸ்திரம், “எங்கப்பா காலத்து ஆம்ப்ல ரிலேயே கெடயாதுண்ணே.” உண்மைதான். குழாய் ஸ்பீக்கர் கட்டுகிற மைக்செட் ஆம்பில் வெளியீட்டுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கும். நூறு வோல்ட் லைனில் ஊர் முழுக்க ஒயர் இழுப்பதற்காக. டிரான்ஸ்பார்மர் வழியாக டிசி போகவே போகாது. அதனால் உள்ளே டிரான்சிஸ்டர் எரிந்தாலும் தென்னைமரத்தில் கட்டின குழாய்க்கு ஆபத்தில்லை. ஒற்றை சப்ளையில் ஓடுகிற பழைய ஆம்ப்களில் வெளியீட்டில் ஒரு பெரிய கண்டன்சர் இருக்கும், அதுவும் டிசியைத் தடுத்துவிடும். இரண்டு சப்ளை வைத்து, ஸ்பீக்கரை நேராக டிரான்சிஸ்டரோடு சேர்க்கிற வடிவம் வந்த பிறகுதான் ரிலேக்கு வேலை வந்தது. வால்வு ஆம்பில் கதை தலைகீழ்: அதை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால்தான் வெளியீட்டு டிரான்ஸ்பார்மருக்கு ஆபத்து. டிரான்சிஸ்டர் ஆம்புக்கு ஸ்பீக்கர் இல்லாமல் இருப்பது சுகம், ஷார்ட்டாவதுதான் எமன்.

சில ஆம்ப்களில் ரிலேக்குப் பதிலாக வெளியீட்டுக்குக் குறுக்கே ஒரு டிரையாக், அதாவது அசையும் முனைகள் இல்லாத ஒரு சிலிக்கான் சுவிட்ச், இருக்கும். டிசி வந்ததும் அது வெளியீட்டையே ஷார்ட் செய்து ஃப்யூஸைப் பறிக்கும். முரட்டு வைத்தியம். ஆம்பைப் பலி கொடுத்து ஸ்பீக்கரைக் காப்பாற்றுகிற ஒரே ஏற்பாடு என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை உண்டு.

இனி ஆம்ப் தனக்காக வைத்திருப்பவை. பவர் டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றின் எமிட்டர் என்கிற காலிலும் 0.22 ஓம் மாதிரி ஒரு வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர் இருக்கும். அதில் விழுகிற வோல்ட்டேஜைப் பார்த்தால் எவ்வளவு கரன்ட் ஓடுகிறதென்று தெரியும். அளவு மீறினால் பக்கத்தில் இருக்கிற ஒரு குட்டி டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு, பவர் டிரான்சிஸ்டருக்குப் போகிற ஓட்டத்தைத் திருப்பி விட்டுவிடும். கரன்டை மட்டும் பார்த்தால் போதாது என்பதால் டிரான்சிஸ்டருக்குக் குறுக்கே எவ்வளவு வோல்ட் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பெஞ்சில் இதை வி-ஐ லிமிட்டர் என்போம்.

ஏன் இரண்டையும் பார்க்கவேண்டும்? சி5200 டிரான்சிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட், 15 ஆம்பியர், 150 வாட். இந்த 230-ஐயும் 15-ஐயும் ஒரே நேரத்தில் தாங்கும் என்று நினைத்தால் முடிந்தது. வோல்ட் ஏற ஏற அனுமதிக்கிற கரன்ட் குறைந்துகொண்டே வரும். அதிக வோல்ட்டில் வாட் கணக்குச் சொல்வதைவிடவும் வேகமாகக் குறையும். சிலிக்கானுக்குள் ஒரே ஒரு புள்ளியில் சூடு குவிந்து, அந்தப் புள்ளி இன்னும் அதிகக் கரன்டை இழுத்து, கண் இமைப்பதற்குள் துளை விழுந்துவிடும். அந்த 150 வாட்டும் உலோக முதுகு 25 டிகிரியில் இருந்தால் மட்டும்தான். முதுகு 100 டிகிரிக்குப் போனால் 60 வாட்தான் மிச்சம். சித்திரை வெயிலில், தகரக் கொட்டகைக்குள், நாலு செட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து ஓட்டுகிற இடத்தில் 25 டிகிரியை எங்கே தேடுவது?

போலி டிரான்சிஸ்டர் இருந்தால் எந்தப் பாதுகாப்பும் செல்லாது. மேலே எழுத்தெல்லாம் அச்சு அசலாக இருக்கும். செத்ததை வைஸில் பிடித்து உடைத்துப் பார்த்தால் உள்ளே மிளகு அளவுகூட இல்லாத ஒரு சிலிக்கான் துண்டு. லிமிட்டர் 15 ஆம்பியர்காரரைக் காவல் காப்பதாக நினைத்து வேலை செய்துகொண்டிருக்கும். நிற்பவர் 5 ஆம்பியர்காரர்.

புரொடெக்ட் எரிகிறது என்று என்னிடம் வருகிற செட்டுகளில் அடிக்கடி பார்க்கிற காரணம், ஆம்பில் எந்தக் கோளாறும் இல்லாமல் பாக்ஸ்களை அளவுக்கு மீறிச் சேர்த்திருப்பது. 8 ஓம் பாக்ஸ் இரண்டை ஒன்றாகக் கட்டினால் 4 ஓம். மூன்று கட்டினால் 2.7 அளவு. நாலு கட்டினால் 2 ஓம். ஆம்பின் பின்னாலேயே குறைந்தபட்சம் 4 ஓம் என்று எழுதியிருக்கும், யார் குனிந்து பார்க்கிறார்கள். பிரிட்ஜில், அதாவது இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே பாக்ஸுக்குப் போட்டால் இன்னும் மோசம்: 4 ஓம் பாக்ஸைப் பிரிட்ஜில் ஓட்டினால் ஒவ்வொரு சேனலும் அதை 2 ஓமாகத்தான் உணரும். அப்போது லிமிட்டர் விழித்துக்கொள்வது நியாயம். பழைய வடிவங்களில் அது சத்தமில்லாமல் செய்யாது. பேஸ் அடிக்கிறபோதெல்லாம் கிரக் கிரக் என்று கிழிக்கும். லிமிட்டர் திடீரென்று அடைக்கும்போது ஸ்பீக்கர் காயிலும், பாக்ஸுக்குள் பேஸையும் கீச்சொலியையும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவரின் காயிலும் தேக்கி வைத்திருந்த ஆற்றலைத் திருப்பி அடிப்பதால் வருகிற சத்தம் அது. வெளியீட்டிலிருந்து இரண்டு சப்ளைக்கும் தலைகீழாகப் போட்டிருக்கிற இரண்டு டையோடுகள் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். யாராவது ‘தேவையில்லாத டையோடு’ என்று அவற்றை எடுத்திருந்தால், அதற்கப்புறம் அடி டிரான்சிஸ்டருக்குத்தான்.

சூட்டுக்கான காவல் எளிமையானது. டிரான்சிஸ்டர் சூட்டை வாங்கிக்கொள்கிற உலோகப் பாளமான ஹீட்சிங்கில் திருகி வைத்த ஒரு சின்ன சுவிட்ச், 80-90 டிகிரியில் விட்டுவிடும்; ஆறினால் மறுபடி சேரும். ஐசி ஆம்ப்களில் எல்லாமே சிலிக்கானுக்குள்: டிடிஏ7294 தனக்குள் 145 டிகிரி ஆனால் வாயை மூடிக்கொள்ளும், எல்எம்3886 165-இல் நிறுத்தி 155-க்கு இறங்கியதும் மறுபடி பாடும். பையன்கள் வீட்டில் செய்கிற ஆம்புக்கு நான் சொல்வது இந்த ஐசிகளைத்தான். ஆனால் இவை காப்பது தங்களையே. ஐசியே ஷார்ட்டாகிச் செத்தால் டிசி ஸ்பீக்கருக்கு வரத்தான் செய்யும், ரிலே அங்கேயும் வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஸ்பீக்கர் போகிறது. அதிலும் கீச்சொலிக்கென்று இருக்கிற ட்வீட்டரும் ஹார்ன் டிரைவரும்தான் முதலில் போகும். ஆம்பால் கொடுக்க முடிந்த அளவைத் தாண்டி அலையின் தலை வெட்டுப்படுவதைக் கிளிப் என்போம். ட்வீட்டர் போவதற்கு நம் வட்டாரத்தில் ஒரு விளக்கம் ஓடுகிறது: “கிளிப் ஆனா டிசி போவும், டிசி போனா காயில் எரியும்.” எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரே இதைத்தான் சொல்வார். நானும் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, அவர் டீ குடிக்கப் போனதும், அலையைத் திரையில் வரைந்து காட்டுகிற ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். அலையின் மேல்தலையும் கீழ்த்தலையும் ஒரே மாதிரி தட்டையாக வெட்டுப்பட்டால் சராசரி ஜீரோதான், டிசி எதுவும் இல்லை. அப்படியே இருந்தாலும் ட்வீட்டருக்கு முன்னால் கிராஸ்ஓவரில் ஒரு கண்டன்சர் இருக்கிறது. டிசி அதைத் தாண்டாது.

எரிக்கிறது டிசி அல்ல, சராசரி வாட். சாதாரணமாகப் பாட்டில் உச்சம் எங்கோ ஒரு கணம் வந்து போகும். 100 வாட் ஆம்பை உச்சத்தில் கிளிப் ஆகாமல் ஓட்டினால் சராசரியாக வெளியே போவது 10 வாட், சில பாட்டுகளில் அதைவிடக் குறைவு. இப்போது மிக்ஸரில் பத்து டெசிபல் ஏற்றுங்கள். உச்சம் ஏற இடமில்லை, வெட்டுப்படுகிறது. ஆனால் அடியில் இருந்த மெல்லிய சத்தங்களெல்லாம் பத்து மடங்கு வாட்டுக்கு ஏறிவிடும். முழுக்கச் சதுரமாகிவிட்டால் 100 வாட் ஆம்பே 200 வாட் தள்ளும். பேஸ் வெட்டுப்பட்டுக்கொண்டிருக்கும்போதும் ஜால்ரா, ஹைஹாட், பாடகரின் ‘ஸ்’ எல்லாம் தடையில்லாமல் பெரிதாகிக்கொண்டே போகும். அதோடு வெட்டுப்பட்ட பேஸிலிருந்து பிறக்கிற கிளை ஒலிகளும் சேரும். அத்தனையும் போய்ச் சேருவது, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பியில் சுற்றிய அந்தச் சின்னக் காயிலுக்கு. பேஸ் ஸ்பீக்கரின் காயில் சூடேறச் சில வினாடியாவது எடுக்கும். ட்வீட்டர் காயிலுக்கு அந்த அவகாசமும் இல்லை.

இன்னொரு பொல்லாத சங்கதி. செம்பு சூடானால் அதன் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். காயில் 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 6 ஓம் கிட்டத்தட்ட 10.7 ஓம் ஆகிவிடும். தடை ஏறினால் ஸ்பீக்கர் வாங்குகிற வாட் குறையும், சத்தம் இறங்கும். இரவு பத்து மணிக்கு முன்னால் கடைசிப் பாட்டு, கூட்டம் ஆடுகிறது, சத்தம் பத்தவில்லை என்று யாரோ கத்துகிறார்கள், ஆபரேட்டர் இன்னும் கொஞ்சம் தள்ளுகிறார். சத்தம் குறைந்ததே காயில் கொதிப்பதால்தான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்.

இதற்கு எதிராக ஆம்பில் இருப்பது கிளிப் லிமிட்டர். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒத்துவராமல் போனதும் உள்ளே வருவதையே அடக்கும். நல்ல காவல்தான், ஆனால் பின்பக்கத்தில் அதற்கு ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அது ஆஃபில் இருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆனில் இருந்தாலும் அது வெட்டுப்படுவதை மட்டும் தடுக்கும், சராசரி வாட்டைத் தடுக்காது. 500 வாட் ஆம்பை 200 வாட் பாக்ஸோடு கட்டினால் ஒரு கிளிப்பும் இல்லாமல், சுத்தமான ஒலியில், பாக்ஸை எரிக்கலாம். சின்ன ஆம்ப்தான் ஸ்பீக்கரை எரிக்கும், பெரிய ஆம்ப் பத்திரம் என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். பெரிய ஆம்ப் பத்திரமாக இருப்பது அதை ஓட்டுகிற கை பத்திரமாக இருந்தால்.

பாக்ஸ் செய்கிறவர்கள் இதற்கு ஒரு அழகான மலிவு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கிராஸ்ஓவரில் ட்வீட்டருக்குத் தொடராக ஒரு சின்னப் பல்பு, கார் கூரையில் எரிகிற பல்பு மாதிரி. குளிர்ந்திருக்கும்போது அதன் தடை மிகக் குறைவு, இருப்பதே தெரியாது. வாட் ஏறினால் இழை சூடாகித் தடை பல மடங்கு ஏறி, மிச்சத்தைத் தானே வெளிச்சமாக எரித்துவிடும். இருட்டில் பாக்ஸின் காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் உள்ளே பாட்டுக்கு ஏற்ப மினுக் மினுக்கென்று எரிவது தெரியும். பாக்ஸுக்குள் லைட் செட் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அந்தப் பல்பு எரிந்தால் ட்வீட்டர் நின்றுவிடும். அப்போது பல்பு மாற்ற வேண்டும். அதற்குப் பதில் ஒயரைப் போட்டு ஈயம் வைத்த பாக்ஸ்கள்தான் மறு வருஷம் ட்வீட்டரின் டயாபிரம், அதாவது காயில் ஒட்டின சவ்வு, மாற்ற வருகின்றன.

கரன்ட் பக்கத்து ஆபத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்துக்கு 300-க்கு மேலும் வரும், அடுத்த ஃபேஸில் லோடு எப்படி இருக்கிறதோ அதைப் பொறுத்து 400-ஐ நெருங்கும். இதை உள்ளே இருக்கிற ரிலே எதுவும் பார்க்காது. வெளியே ஓவர்வோல்ட்டேஜ் கட்-ஆஃப் ஒன்று தனியாக வேண்டும். பந்தலில் ஒயர்மேன் அவசரத்தில் முறுக்கிவிட்டுப் போகிற நியூட்ரலைத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகம் சந்தேகிக்கிறேன்.

இப்போது வருகிற எடை குறைந்த கிளாஸ் டி ஆம்ப்களில் கரன்ட், சூடு, வோல்ட்டேஜ் குறைவு, டிசி எல்லாவற்றையும் ஐசியே பார்த்து நிறுத்திவிடுகிறது. ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இவற்றில் நிறைய மாடல்களில் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் உயிரோடிருக்கும், கறுப்பு முனை கிரவுண்டு அல்ல. பழைய பழக்கத்தில் இரண்டு சேனலின் கறுப்பையும் ஒன்றாகச் சேர்த்தால் உடனே புரொடெக்ட். அது கோளாறு அல்ல, ஐசிக்கு நன்றி சொல்ல வேண்டிய தருணம்.

நம் ஊருக்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு, கடல் காற்று. ஃபேன் இழுத்து வந்த உப்பும் தூசியும் போர்டில் படிந்து, மழைக்காலத்து ஈரத்தில் தடங்களுக்கு நடுவே லேசாகக் கரன்ட் கசியும். டிசி பார்க்கிற இடத்தில் கசிந்தால் எந்தக் கோளாறும் இல்லாமலேயே ரிலே விடும். பெரிய கண்டன்சர்களை ஒட்டி வைக்கிற மஞ்சள் பசையும் வருஷம் போகப் பழுப்பாகி மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும். சுரண்டி எடுத்துவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்தால் பாதி ‘மர்மக் கோளாறு’ சரியாகிவிடுகிறது.

ஆக, சிவப்பு விளக்கு எரிந்தால் ரிலேவைத் தேடாதீர்கள். அணைத்துவிட்டு ஸ்பீக்கர் ஒயர்களை எல்லாம் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். விளக்கு போய்விட்டால் கோளாறு வெளியே: ஒயரில் ஷார்ட், இல்லையென்றால் பாக்ஸ் கூடிப்போயிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கட்டிப் பார்த்தால் எது என்று மாட்டிக்கொள்ளும். ஒயரே இல்லாமலும் எரிந்தால் கோளாறு உள்ளே, பெரும்பாலும் டிசி. அதற்கு மேல் ஆன் செய்து ஆன் செய்து பார்க்க வேண்டாம், பெஞ்சுக்குக் கொண்டு வாருங்கள், சீரிஸ் லாம்ப் போட்டு, அதாவது கரன்டை அடக்க மெயின் லைனில் தொடராக ஒரு பல்பைக் கட்டி, பார்த்துக்கொள்ளலாம். அரை மணிநேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் எரிந்தால் பின்னால் ஃபேன் முன்னே கையை வையுங்கள். காற்று வரவில்லையென்றால் வலையைக் கழற்றிப் பாருங்கள். சாமி ஊர்வலத்தில் தூவின ஜிகினாத்தாளும் சாமந்தி இதழும் உள்ளே அப்பிக்கொண்டிருக்கும்.